கோட்டுக்குக் கீழே நின்ற பிள்ளைகளைத் திருப்பி அனுப்பியவர்

ஆறுச்சாமி அண்ணன் இறந்த செய்தி எனக்கு ஒரு விளம்பரமாக வந்து சேர்ந்தது. காலையில் கடையைத் திறந்து, முதல் போணிக்கு முன்னால் ஃபோனைப் பார்த்தேன். எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் தம்பி காதர் ஒரு படம் போட்டிருந்தான். கஞ்சிக்கோட்டைத் தாண்டி மலையடிவாரத்தில் இருக்கிற தீம் பார்க்காரர்கள் வெளியிட்ட படம் அது. நாலு மூலையிலும் பலூன். நடுவில், அடையாள அட்டையிலிருந்து வெட்டியெடுத்த அண்ணனின் முகம். மேலே, ‘எங்கள் சிரித்த முகத்துக்குக் கண்ணீர் அஞ்சலி’ என்று பெரிய எழுத்து. கீழே, ஓணம் விடுமுறைக்குக் குடும்பச் சீட்டு எடுத்தால் ஒரு குழந்தைக்கு இலவசம் என்று அதைவிடப் பெரிய எழுத்து.

அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. சிரித்த முகமா? அந்த பார்க்கில் டிராகன் ரயில் வாசலில் இருபது வருடத்துக்கு மேல் நின்றவர் அவர். எத்தனை பெருநாளுக்கு அங்கே போயிருக்கிறோம்! அந்த வாசலில் நின்று அவர் ஒரு தடவை சிரித்ததாக யாராவது சொல்லட்டும் பார்க்கலாம். ஆள் போன மறுநாளே அவர் முகத்தை மாற்றி எழுத இவர்களுக்கு எப்படி மனசு வந்தது? பாலக்காட்டிலும் கொழிஞ்சாம்பாறையிலும் பொள்ளாச்சியிலும் அவரைத் தெரிந்தவர்கள் ஏராளம் பேர் இருக்கிறீர்கள். பெயர் தெரியாது என்பீர்கள். ‘டிராகன் ரயில் வாசலில் ஒரு சிடுமூஞ்சி நிற்பாரே’ என்றால் உடனே தெரியும். அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன். பார்க்கின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவர்களுக்கு ஏற்கெனவே விளம்பரம் போதுமான அளவு இருக்கிறது.

எங்களுக்குப் பாலக்காடு டவுனில் துணிக்கடை. நோன்பு மாதம் முழுக்க நின்ற கால் நின்றபடி வியாபாரம். பெருநாளன்றும் மறுநாளும் சொந்தக்காரர்கள் வீடு. மூன்றாம் நாள்தான் அத்தா கடையை முழுசாக அடைப்பார். அன்றைக்கு மூன்று வீட்டு ஆட்களும் ஒரு வேனில் ஏறி பார்க்குக்குப் போவோம். வெளிச்சாப்பாடு உள்ளே விடமாட்டார்கள் என்பதால் பிரியாணி வைத்த பெரிய செம்பு வேனிலேயே இருக்கும். மதியம் எல்லோரும் வெளியே வந்து, வண்டி நிறுத்துகிற இடத்தில் புங்கமரத்தடியில் பாய் விரித்துச் சாப்பிடுவோம். வருடம் முழுக்க வெள்ளை வேட்டி கட்டுகிற அத்தா அன்று ஒரு நாள் மட்டும் பேன்ட் போடுவார். அலைக்குளத்தில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, பேரப்பிள்ளைகள் எல்லோரும் கண்ணில் தெரிகிறார்களா என்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். மாமி மோதும் கார்களில் ஏறினால் மாமுவின் காரைத் தவிர வேறு எதையும் இடிக்கமாட்டார். மாமு கத்தினால், “இன்னிக்கி ஒரு நாளாச்சும் நான் இடிச்சுக்கறேன்” என்பார். அந்த நாளின் சந்தோஷத்துக்கு நடுவில் நின்று மறித்தவர்தான் ஆறுச்சாமி அண்ணன்.

டிராகன் ரயில் வாசலில் ஓர் இரும்புக் கம்பம் உண்டு. அதில் ஒரு சிவப்புக் கோடு. தலை கோட்டைத் தொட்டால் உள்ளே போகலாம், தொடாவிட்டால் திரும்ப வேண்டியதுதான். என் மகன் யூசுபுக்கு அப்போது ஏழு வயது. மற்ற வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். இவன் இரண்டு விரற்கடை குறைவு. என் வீட்டுக்காரர் பக்குவமாகத்தான் கேட்டார். “ரெண்டு வெரக்கடதானே அண்ணா. நானும் கூட ஏறறேன். பையன் என் மடியில இருந்துக்குவான்.” அண்ணன் அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. “மடிக்கு பெல்ட் இல்லீங்க” என்றார். “அடுத்த வருசம் வா கண்ணு” என்று யூசுபைத் தோளைப் பிடித்து வரிசைக்கு வெளியே நிறுத்தினார். அவன் அழுத அழுகையில் அன்றைக்குப் பிரியாணி யாருக்கும் ருசிக்கவில்லை. வீடு வந்து சேரும்வரை அந்த மனிதரைக் கரித்துக் கொட்டிக்கொண்டே வந்தோம்.

அடுத்த வருடம் நாங்கள் செய்த காரியத்தை எழுதுவதற்குக் கூச்சமாக இருக்கிறது. ரெடிமேட் சட்டை மடிப்புக்குள் ஓர் அட்டை வரும் அல்லவா, அது எங்கள் கடையில் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். காதர் அதை யூசுபின் ஷூ அளவுக்கு வெட்டி, ஒவ்வொரு ஷூவுக்குள்ளும் ஐந்தாறு அடுக்கு வைத்துவிட்டான். வீட்டிலேயே சுவரில் கோடு போட்டு அளந்தும் பார்த்தாயிற்று. பையன் பார்க் முழுக்க வாத்து மாதிரி நடந்தான். கம்பத்தின் கீழ் போய் நின்றதும் தலை கோட்டைத் தொட்டது. நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அண்ணன் ஒரு நிமிடம் அவன் காலையே பார்த்தார். “ஷூவக் கழட்டு கண்ணு” என்றார். உள்ளே கைவிட்டு அட்டைகளை ஒவ்வொன்றாக உருவினார். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு காதரின் கையில் கொடுத்தார். “அட்டைதானுங்க வளந்திருக்குது. பையன் இன்னும் வளரல.”

வரிசையே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. நேராக ஆபீசுக்குப் போனேன். அங்கே பராதிப் புத்தகம் என்று புகார் எழுதுகிற நோட்டு ஒன்று வைத்திருப்பார்கள். ஊழியருக்கு மரியாதை தெரியவில்லை, குழந்தைகளை அழவைக்கிறார், வாடிக்கையாளர்களை நாலு பேர் முன்னால் அவமானப்படுத்துகிறார், முகத்தில் சிரிப்பு என்பதே இல்லை என்று ஒரு பக்கம் நிறைய எழுதினேன். பெயரும் ஃபோன் நம்பரும் போட்டுக் கையெழுத்தும் இட்டேன். ஏமாற்றியது நாங்கள், பராதி எழுதியதும் நாங்கள். அப்போது எனக்கு அது தப்பாகவே தெரியவில்லை.

மூன்றாம் வருடம் யூசுப் யாரும் சொல்லாமலே ஷூவைக் கழற்றிவிட்டுப் போய் நின்றான். அண்ணன் அவன் தலைமேல் ஸ்கேலை வைத்து அளந்தார். நம்பாமல் மறுபடியும் அளந்தார். பிறகு அவரே கூட்டிப்போய் உட்காரவைத்து, தொடைமேல் வந்து இறங்குகிற கம்பியை அழுத்திப் பூட்டி, இழுத்துப் பார்த்து, இன்னொரு தடவையும் இழுத்துப் பார்த்தார். ரயில் சுற்றி வரும்வரை அவர் கண் அந்த ஒரு பெட்டியின் மேலேயே இருந்ததை நான் பார்த்தேன். கோபமெல்லாம் எனக்கு அப்போது வடிந்திருந்தது. “இப்பவாச்சும் கொஞ்சம் சிரிக்கக் கூடாதா அண்ணா?” என்று கேட்டேன்.

“சிரிச்சா, கெஞ்சிப் பாக்கலாம்னு நெனைப்பாங்க அம்மணி. நெம்பக் கெஞ்சுனா எனக்கும் மனசு எளகிரும். கோட்டுக்குக் கீழ இருக்கற புள்ளைக்கு இந்தக் கம்பி தொடைல பதியாதுங்க. அந்த வளைவுல வழுக்கிரும். அதுக்குத்தான் மூஞ்சிய இப்புடி வெச்சுக்கறது.”

ஒருவர் முகத்தை வேலைக்கான கருவி மாதிரி இருபது வருடம் பிடித்துவைத்திருந்தார். அதைத்தான் இவர்கள் சிரித்த முகம் என்று பலூனுக்கு நடுவில் ஒட்டியிருக்கிறார்கள்.

போன வருடப் பெருநாளுக்குப் போனபோது வாசலில் அவர் இல்லை. மதியம் சாப்பிட வெளியே வந்தால், அந்தக் கொதிக்கிற வெயிலில் விசிலை ஊதிக்கொண்டு வண்டிகளை ஒதுக்கிக்கொண்டிருந்தார். பதறிப்போய்க் கூப்பிட்டேன். பாயில் உட்கார மறுத்துவிட்டு, மரத்தில் சாய்ந்து நின்றபடி சொன்னார். யாரோ பெரிய இடத்துப் பேரனாம், கோட்டுக்குக் கீழே. மேனேஜரே கூட வந்து ஏற்றச் சொல்லியிருக்கிறார். அண்ணன் ரயிலை நிறுத்தி, சாவியை உருவிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு நின்றுவிட்டார். ஒரு மணி நேரம் ரயில் ஓடவில்லை. வரிசையில் நின்றவர்கள் மேனேஜரைத் திட்டவில்லை, இவரைத்தான் திட்டினார்கள். அப்புறம் விசாரணை வைத்தார்கள். பழைய பராதிப் புத்தகங்களையெல்லாம் தேடியெடுத்து மேசைமேல் அடுக்கி, இவரையே சத்தமாகப் படிக்கச் சொன்னார்களாம்.

“அதுல என்னோடதும் இருந்துச்சா அண்ணா?”

“இருந்துச்சுங்க. உங்களுது கையெழுத்து நல்லாயிருந்துச்சு. தட்டாமப் படிச்சுட்டேன்.”

குத்திக்காட்டிச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் உண்மையாகவே சொன்னார். என் முகம் போன போக்கைப் பார்த்து, “போச்சாது உடுங்க அம்மணி” என்றும் சொன்னார். அவரை மறுபடியும் வாசலில் போடச் சொல்லி எழுதுகிறேன் என்றேன்.

“எனக்காக எழுத வேண்டாமுங்க. எனக்கென்ன, வண்டிகளோட காலம் ஓடுது. கோட்ட நாலு வெரக்கட எறக்கிப்போட்டாங்க. எழுதறதுன்னா அதுக்கு எழுதுங்க.”

கட்டாயம் எழுதுகிறேன் என்று சொன்னேன். எழுதவில்லை. கல்யாண சீசன் முடியட்டும் என்றேன், யூசுபின் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடியட்டும் என்றேன், நோன்பு வந்துவிட்டது என்றேன். கோபத்தில் ஒரு பக்கம் எழுத எனக்குப் பத்து நிமிடம் போதுமாக இருந்தது. நியாயத்துக்கு எழுத ஒன்றரை வருடம் போதவில்லை. இந்த அஞ்சலியில் பார்க்காரர்களை மட்டும் திட்டிவிட்டு நான் நல்ல பெயர் வாங்கிக்கொண்டு போக முடியாது. அவரை வெயிலுக்கு அனுப்பிய காகிதங்களில் ஒன்று என்னுடையது. இதைப் படிக்கிற உங்களில் சிலருடையதும் அந்தக் கட்டுக்குள் இருந்திருக்கும்.

படம் வந்த அன்றைக்கே காதரும் நானும் வேலந்தாவளம் பக்கம் இருக்கிற அவர் வீட்டுக்குப் போனோம். நெஞ்சு வலிக்கிறது என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை என்று சொன்னார்கள். மேனேஜர் மலர்வளையத்தோடும் ஃபோட்டோ எடுக்க ஓர் ஆளோடும் வந்திருந்தார். வளையத்தை வைத்துவிட்டுப் போயிருந்தால் தேவலை. நாலு வார்த்தை பேசுகிறேன் என்று ஆரம்பித்தார். ஆறுச்சாமி அன்பானவராம், அனுசரித்துப் போகிறவராம், வந்தவர் யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாதவராம். வாய் கூசாமல் சொன்னார். துக்க வீட்டில் சண்டை போடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அண்ணனின் மனைவி தெய்வானை அக்கா கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். தலையைத் தூக்காமலே பேசினார்.

“இல்லைன்னு சொல்றதுக்குத்தானுங்க அவருக்குச் சம்பளம் குடுத்தீங்க. அத ஒழுங்காச் சொன்னாருன்னுதானுங்க வெயில்ல நிறுத்துனீங்க.”

மேனேஜர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். ஃபோட்டோக்காரர் அப்போதும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் எழுதிவிட்டேன். பார்க் ஆபீசுக்கு ஒன்று, பஞ்சாயத்துக்கு ஒன்று, கலெக்டர் ஆபீசுக்கு ஒன்று என்று மூன்று ரிஜிஸ்தர் தபால். கோட்டைப் பழைய இடத்தில் போடுங்கள் என்பதைத் தவிர அதில் வேறு கோரிக்கை இல்லை. அவர் பெயரில் பெஞ்ச் போட வேண்டாம், படம் மாட்ட வேண்டாம். அவரால் ஒரு முறையாவது திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எல்லோரும் ஆளுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். உங்கள் பிள்ளை இன்றைக்குக் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருப்பதால் இது உங்கள் விஷயம் இல்லை என்று நினைக்காதீர்கள்.

அவரிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டது ஒன்றுதான். ஒரு பிள்ளை அழுகிறது, அதன் வீட்டார் திட்டுகிறார்கள், சுற்றி நிற்கிறவர்கள் நம்மைப் பைத்தியம் மாதிரி பார்க்கிறார்கள், அப்படியும் வழியை விடாமல் நிற்பது. அது எனக்கு வருமா என்று தெரியாமல்தான் இருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை தனியாகச் சீட்டு எடுத்துக்கொண்டு பார்க்குக்குப் போனேன். கம்பத்துக்குப் புதுப் பெயிண்ட் அடித்து, கையை நீட்டிக்கொண்டு நிற்கிற கரடிப் பொம்மை ஒன்றை ஒட்டியிருக்கிறார்கள். கரடியின் கைதான் இப்போது அளவு. பெயிண்டுக்கு அடியில் பழைய சிவப்புக் கோடு மங்கலாகத் தெரிகிறது. வாசலில் நிற்கிற சின்னப்பெண் எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிக்கச் சொல்லி உத்தரவு, பாவம், அவளைக் குறை சொல்லமாட்டேன்.

கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு குடும்பம். ஜாலர் கவுன் போட்ட பெண் குழந்தை, கரடியின் கையைத் தொட்டாள், மங்கின கோட்டுக்கு நாலு விரற்கடை கீழே. நான் போய் வாசலுக்குக் குறுக்கே நின்றேன். அந்தக் கம்பி இவளுக்குப் பதியாது, ஏற்ற வேண்டாம் என்று சொன்னேன்.

“நீங்க யாருங்க சொல்றதுக்கு? அவங்களே விடறாங்க. தள்ளுங்க” என்றார் குழந்தையின் அம்மா.

குழந்தை அழ ஆரம்பித்தது. வரிசை சலசலத்தது. நான் நகரவில்லை. அந்த அம்மாவுக்குக் கோபத்தில் முகம் சிவந்துவிட்டது. “உங்க பேரென்ன? ஆபீஸ்ல எழுதிக் குடுக்காம விடமாட்டேன்” என்று ஃபோனை எடுத்தார். சொன்னேன். அவருக்குச் சரியாகக் காதில் விழவில்லை என்று எழுத்துக் கூட்டி இன்னொரு தடவை சொன்னேன். அவர் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஆபீஸைப் பார்த்து நடந்தார். டிராகன் ரயில் அந்தக் குழந்தை இல்லாமல் கிளம்பியது.