பேதுருவின் மாமிக்கு ஒரு கதிரை

நாலு வருடங்களுக்கு முந்திய மாரிகாலம். மன்னார்த் தீவில், கடற்கரையை ஒட்டிய எங்கள் வீட்டில் நடந்தது. அது மனைவியின் சீதன வீடு. மனைவியின் தாயான மாமியும் எங்களோடுதான் இருக்கிறார்.

எங்கள் கோயிலின் பங்குத் திருவிழா மலருக்கு விவிலியப் பெண்களை வைத்துக் கதை கேட்டிருந்தார்கள். ரூத்து, எஸ்தர் என்று பெயர்பெற்றவர்களையெல்லாம் மற்றவர்கள் எடுத்துக்கொள்ள, எனக்கு மிஞ்சியது இயேசுவின் சீடரும் மீன்பிடிக்காரருமான பேதுருவின் மாமி. காய்ச்சலில் கிடந்தார்; இயேசு தொட்டதும் காய்ச்சல் விட்டது; உடனே எழுந்து வந்திருந்தவர்களுக்குப் பணிவிடை செய்தார். நற்செய்தியில் அவரைப் பற்றி அவ்வளவுதான். பெயர்கூட இல்லை. வீட்டோடு மாப்பிள்ளையான எனக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்காது என்று மனைவி கேலி செய்தாள்.

எழுதத் தொடங்கிய கிழமையே என் மாமியும் காய்ச்சலில் விழுந்தார். டெங்குவாக இருக்கலாம், காய்ச்சல் விட்டாலும் நாலாம் நாள் இரத்தம் பார்க்கக் கூட்டிவாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் படித்துப் படித்துச் சொன்னார்கள். நாலாம் நாள் காலையில் காய்ச்சல் இல்லை. மனைவி வேலைக்குப் போய்விட்டாள். மாமி எழும்பி, முகம் கழுவி, தேங்காய் துருவத் தொடங்கினார். எனக்கோ அன்று பின்னேரம் கதையைக் கொடுக்க வேண்டும். இனி ஆஸ்பத்திரி எதற்கு என்று விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால், கதையின் முடிவு கண்முன்னே நடப்பதாக எனக்கு ஒரே புளுகம், தலைகால் தெரியாத சந்தோசம். அவர் சட்டியைத் தூக்குவதையும் குழம்பு மணத்தையும் பார்த்துப் பார்த்து எழுதினேன்.

மீன் கொதிக்கும்போது குசினி வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, முழுவதையும் வாசித்துக் காட்டினேன். மாமி நின்றபடியே கேட்டார்.

"அந்த மனுசியைக் கொஞ்சம் இருந்து ஆறு எண்டு ஒருத்தரும் சொல்லேல்லையோ தம்பி?"

கேட்டுக்கொண்டே சுவரைப் பிடித்தவர் அப்படியே நிலத்தில் சரிந்தார். தொட்டுப் பார்த்தேன், கைகால் சில்லிட்டிருந்தது.

பக்கத்து வீட்டு ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அவர் தலை என் மடியில். எனக்குச் செபம்கூட வாயில் வரவில்லை.

"காய்ச்சல் விட்டாப் பிறகுதான் டெங்கு ஆளை விழுத்தும். இதுக்குத்தானே வரச் சொன்னனாங்கள்?" என்றார் தாதி.

இரண்டு நாள் ஒன்றும் சொல்ல முடியாது என்றார்கள். மூன்றாம் நாள் கண்ணைத் திறந்த மாமி, குழம்பு அடிப்பிடித்துப் போச்சோ என்று கேட்டார். வார்டில் அத்தனை பேருக்கு முன்னால் அழுதேன்.

அன்று கொடுக்காமல் போன கதையின் முடிவைப் பிறகு மாற்றினேன். பேதுரு மாமியைக் கதிரையில் இருத்திவிட்டுத் தானே மீன் சுடுகிறார். இது நற்செய்தியில் இல்லையே என்றார் எங்கள் பங்குச் சுவாமி. மாமியோ, மீன் கருகினதையும் எழுதுங்கோ என்றார்.

இன்றும் பூசையில் அந்த வாசகம் வந்தால் பக்கத்தில் இருக்கும் மாமியைத் திரும்பிப் பார்ப்பேன். காய்ச்சல் விட்டு எழுந்தவர் கையால் சாப்பிட ஆசைப்பட்டு உட்கார்ந்திருந்தவர்களில் நானும் ஒருவன்.