மிதிகட்டை பழகிய கால்

என் வீட்டுக்காரருக்குக் கார் ஓட்டத் தெரியாது என்று ஆரணியில் யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வருகிறது. அவருக்கு ஓட்டத் தெரியும். நிறுத்தத்தான் தெரியாது.

பதினைந்து வயதில் பட்டுத் தறிக் குழியில் இறங்கியவர் அவர். அன்றிலிருந்து காலுக்குக் கீழே இரண்டு மிதிகட்டைகள். ஒன்று கீழே போனால் மற்றது மேலே வரவேண்டும். அப்போதுதான் நெடுக்கே இழுத்துக் கட்டிய பாவு இழைகள் பிரிந்து, குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா ஓட வழி கிடைக்கும். இரண்டையும் சேர்த்து மிதித்தால் வழியும் திறக்காது, இழையும் அறும். பழகுகிற காலத்தில் அப்படி மிதித்து முதுகில் வாங்கிய அடியை அவர் இன்னும் மறக்கவில்லை. அந்தக் கால்களைக் கொண்டுபோய்க் காரில் வைத்தால் என்ன ஆகும்? நிறுத்துவதற்குக் கிளட்ச், பிரேக் இரண்டையும் சேர்த்து அழுத்தவேண்டும். இவருக்கோ வலது கால் பிரேக்கில் இறங்கிய உடனே இடது கால் தானாக எழுந்துகொள்ளும். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு அணைந்துபோகும்.

மூன்றாவது தடவையில் எப்படியோ லைசென்ஸ் வாங்கினார். பழைய கார் ஒன்றையும் வாங்கினோம். வாங்கிய மாதமே வந்தவாசி ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில், மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலத்துக்கு நேர் முன்னால், நாலு முறை வண்டியை அணையவிட்டார். மேளக்காரர்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். என் அண்ணன் வந்து கதவைத் திறந்தான். அவன் பட்டு வியாபாரி. இருபது வருடமாகக் கார் வைத்திருப்பவன்.

"மாப்ள, தறி ஓட்டற காலு காரு ஓட்டாது. பின்னாடி உக்காருங்க."

சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். இவர் பின்சீட்டில் போய் உட்கார்ந்தார். அன்றைக்குக் காருக்குப் போட்ட உறையை அப்புறம் எடுக்கவே இல்லை. நான் அண்ணனோடு இரண்டு மாதம் பேசவில்லை.

சென்னையில் வேலை பார்க்கிற எங்கள் மகள்தான் எங்களுடைய இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு அந்தமான் டிக்கெட் எடுத்துக்கொடுத்தாள். அப்பாவுக்குப் புது ஷூவும் வாங்கினாள். கிளம்புவதற்கு முதல் நாள் இவர் என்னிடம் சொன்னார்:

"நம்ம ஊர்ல எல்லாரும் பாத்துகினு இருந்தா காலு பேஜார் பண்ணுது. அங்க நம்மள யாருக்கும் தெரியாது. வாடகைக்கு ஒரு வண்டி எடுத்து ஓட்டிப் பாக்கறேன். அங்கயும் வரலன்னா, நம்ம வண்டிய வித்துடலாம். அப்பறம் நான் தொடமாட்டேன்."

சொன்னால் சொன்னதுதான் இவருக்கு. மண்டபத்து வாசலில் போன மானத்தை அங்கேயே விட்டுவிடப் போகிறார் என்று நினைத்துக்கொண்டே பெட்டியைக் கட்டினேன்.

போர்ட் பிளேரிலிருந்து தெற்கே சிடியா தாப்பு வரைக்கும் கடலோரமாகவே ஒரு சாலை போகிறது. அங்கே ஐந்து மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும் என்பதால் சாப்பிட்டதும் கிளம்பினோம். கடல் என் பக்கம். கரையோரம் கறுப்புப் பாறைகள், அதை ஒட்டித் தென்னை, தென்னைக்கு இடையிடையே தண்ணீர். இவர் சாலையை விட்டுக் கண்ணை எடுப்பதாக இல்லை. அதனால் நான்தான் பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டு வந்தேன். தண்ணீர் மயில் கழுத்து நிறத்தில் இருக்கிறது என்றேன். எங்கள் ஊரில் முகூர்த்தப் புடவைக்கு எல்லாரும் கேட்கிற நிறம் அது. ஒரு நிறத்தைப் பாவாக நெடுக்கிலும் வேறொரு நிறத்தை ஊடையாகக் குறுக்கிலும் கொடுத்தால் வருவது.

"பாவு நீலமா, ஊடை பச்சையா?" என்று தலையைத் திருப்பாமலே கேட்டார்.

சிரித்தேன். ஆனால் இளநீர் குடிக்க நிறுத்தினால் வண்டி அணைந்தது. படம் எடுக்க நிறுத்தினால் அணைந்தது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவர் முகம் சுருங்கிக்கொண்டே போனது. திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு தடவை கேட்டார். எனக்குக் காது கேட்காத மாதிரி கடலையே பார்த்தேன்.

கடைசியில் காட்டுக்குள் ஒரு செங்குத்தான ஏற்றம். பாதி ஏறும்போது மேலே மரம் விழுந்து கிடக்கிறது என்று எல்லா வண்டிகளும் நின்றுவிட்டன. எங்களுக்குப் பின்னால், ஒரு கை தூரத்தில், பஸ். வலது பக்கம் சரிவு. வெட்டிப் போட்டு வழிவிட்டதும் எங்களுக்கு முன்னாலிருந்த கார் கிளம்பப் பார்த்தது. பின்னால் உருண்டது, அணைந்தது. மறுபடியும் உருண்டு எங்கள் மூக்கருகே வந்து நின்றது. அதில் இருந்த இளைஞர் மூன்றாவது முயற்சியில் புகை கிளப்பிக்கொண்டு ஏறினார்.

அடுத்தது நாங்கள். இறங்கி டயருக்குப் பின்னால் கல் வைக்கட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம். நீ ஒக்காரு."

குனிந்து, மகள் வாங்கிக்கொடுத்த ஷூவைக் கழற்றினார். வெறுங்கால்களைப் பெடல்களில் வைத்தார். அந்தப் பாதங்களை எனக்குத் தெரியும். இடது கால் மெல்ல மேலே வந்தது, அதே நேரம் வலது கால் கீழே போனது. கைபிரேக்கை விட்டார். ஒரு விரற்கடைகூடப் பின்னால் போகவில்லை. தறியில் இழை பிரிவது போல வண்டி அமைதியாக முன்னால் நகர்ந்து ஏறியது. ஒரு கால் ஏற ஒரு கால் இறங்க வேண்டிய இடம் அது. அதில் இவரை யார் ஜெயிக்க முடியும்? நெய்து முடித்த புடவையைத் தறியிலிருந்து அறுத்து எடுக்கும்போதுகூட எனக்கு அவ்வளவு பெருமை வந்ததில்லை. கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் இல்லை.

சிடியா தாப்பில் வண்டி வழக்கம்போல் குலுங்கி அணைந்தது. பின்னாலேயே வந்த பஸ் டிரைவர், தமிழ்க்காரர், இறங்கி வந்து மலையில் ஓட்டிப் பழக்கமா என்று விசாரித்தார்.

"இல்லீங்க. தறியில பழக்கம்," என்றார் இவர்.

அவருக்கு அது புரிந்திருக்காது. நாங்கள் இருவரும் சூரியன் கடலில் இறங்குகிற வரைக்கும் சிரித்துக்கொண்டிருந்தோம்.

ஆரணி பஸ் ஸ்டாண்டுக்கு அண்ணன் கார் எடுத்து வந்திருந்தான். பெட்டிகளை ஏற்றியதும் இவர் கையை நீட்டினார்.

"மச்சான், சாவியக் குடுங்க."

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் கதவைத் திறந்து பிடித்தேன்.

"அண்ணா, நீ பின்னாடி உக்காரு."

இவர் ஷூவைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். வீட்டு வாசலில் வண்டி குலுங்கி அணைந்ததும் அண்ணன் தானே இறங்கிப் பெட்டிகளை எடுத்து உள்ளே வைத்தான். மறுநாள் காலையில் எங்கள் காரின் உறையை நானே உருவித் துவைத்துப் போட்டேன்.