ஆற்றைக் கடக்காத எதிரி

அந்த எல்லைச் சண்டை ஒரே பகலில் முடிந்துவிட்டது. நூற்றைம்பது ஆண்டுக்கு முந்தைய அந்தப் பகலை ஒரு மேசைப் பலகைக்குள் அடக்க, நில அளவை அலுவலகத்து வரைபடக்காரருக்கு ஆறு ஆண்டுகள் பிடித்தன.

தனி ஆள் ஆடும் போர் விளையாட்டு அது. ஆடுபவர் கோட்டைப் படையை நகர்த்துவார். எதிரிக்கு ஆள் கிடையாது. சீட்டை எடுத்தால், அதில் உள்ளபடி எதிரி வருவான். வரைபடக்காரர் ஆடி ஆடிப் பார்த்ததில், பத்துக்கு நாலு ஆட்டத்தில் கோட்டை தப்பியது. அந்தக் கணக்கில் மயங்கித்தான் பதிப்பாளர் சம்மதித்தார். திங்கட்கிழமை அச்சு. முடியும்வரை யாருக்கும் காட்டமாட்டேன் என்ற பிடிவாதத்தில், அதுவரை வேறு ஒருவரும் ஆடியதில்லை.

சனிக்கிழமை காலை, ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் அவருடைய மனைவி பலகை முன் உட்கார்ந்தார். எடுத்த எடுப்பில் ஆற்றுப் பாலத்தை உடைத்தார். ‘கோட்டையை நோக்கி முன்னேறு’ என்றது சீட்டு. எதிரி கரையிலேயே நின்றான். அடுத்த சீட்டுக்கும் அசையவில்லை.

“அவனை ஏன் சும்மா நிக்க வச்சிருக்க?” என்றார் வரைபடக்காரர்.

“பாலம்தான் போச்சே. எப்படி வருவான்?”

“கொஞ்சம் மேல போனா ஆழம் கம்மி. இறங்கி வருவான்.”

“எங்க போட்டிருக்கு?”

“இதெல்லாமா போடுவாங்க? மூளை இருக்கிறவன் அதைத்தான செய்வான்!”

“டாக்டர் மனசுல நினைச்ச மாத்திரையை நான் கொடுத்தா, ஆஸ்பத்திரியில ஒருத்தர் மிஞ்ச மாட்டாங்க. சீட்டுக்கு ஏதுங்க மூளை? இத்தனை வருஷமா அவனுக்கும் சேர்த்து நீங்கதான் யோசிச்சிருக்கீங்க.”

விதித்தாள்களை வரைபடக்காரர் முன்னும் பின்னும் புரட்டினார். ஆற்றில் இறங்கலாம் என்று எங்குமே இல்லை.

“அப்ப நான் ஜெயிச்சாச்சு. ஒரு கீறல்கூட இல்லாம!” மனைவி சிரித்தார். கணவரின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. “ஒரு வரி சேர்த்துடுங்களேன்.”

“சேர்த்தா மொத்தக் கணக்கும் மாறிடும். பத்துக்கு நாலுங்கிறதே பொய். மறுபடி முதல்ல இருந்து ஆடணும், அதுவும் வேற ஆளுங்க.”

மத்தியானம்வரை அறைக்கும் வாசலுக்கும் நடந்துவிட்டு, பதிப்பாளரைத் தொலைபேசியில் அழைத்து அச்சை நிறுத்தச் சொன்னார்.

“இப்ப நிறுத்தினா உங்க இடம் இன்னொருத்தருக்குப் போயிடும் சார். திரும்பக் கிடைக்கும்னு சொல்ல முடியாது. யார் கண்டுபிடிக்கப் போறாங்க?”

“வாங்குற முதல் ஆளு. முதல் ஆட்டத்துலயே.”

திங்கட்கிழமை அந்த அச்சு இயந்திரத்தில் வேறொருவரின் கடற்போர் விளையாட்டு ஏறியது.