ஊசி கழன்ற மத்தியானம்

இது நடந்தது. நம்பாதவர்கள் எங்கள் தெருத் தையல்காரம்மாவின் இடது கையைத் தொட்டுப் பார்க்கலாம். முழங்கைக்குக் கீழே எலும்பு கோணலாகச் சேர்ந்து ஒரு மேடு இருக்கிறது. நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன். ராத்திரி நடந்ததென்றால் தூக்கக் கலக்கம் என்று சொல்லித் தப்பித்துவிடுவீர்கள். இது பட்டப்பகலில் நடந்தது.

அவளுடைய கணவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். பல வருடமாகப் பார்க்கின்சன் நோய். மாத்திரை போட்டால் நடப்பார். அதன் வேகம் இறங்கினால் நின்ற இடத்திலேயே உறைந்துபோவார். பேச்சு வராது, கண் மட்டும் உருளும். அந்த மாத்திரையையே வருடக்கணக்கில் தின்றதில் இன்னும் இரண்டு தொல்லைகள் வந்து ஒட்டிக்கொண்டன. கையும் காலும் அவரைக் கேட்காமலே ஆடின. அப்புறம், படுக்கையறை மூலையில் ஓர் ஆள் நின்றான்.

அவன் அவருக்கு மட்டும்தான் தெரிந்தான். சட்டை போடாத, கனத்த தோள்கொண்ட ஆள்.

"எல்லாம் மாத்திரை பண்ற வேலை. நிறைய பேருக்கு இப்படித் தெரியும், பயப்படாதீங்க" என்றார் டாக்டர்.

கூடவே இருந்த அவள் தம்பிக்கு வாய் சும்மா இருக்காது. அந்த ஆளுக்கு 'விருந்தாளி' என்று பெயரே வைத்துவிட்டான்.

"மாமா, விருந்தாளிக்கு ஒரு டீ போடச் சொல்லட்டுமா?"

மாமா சிரிக்கவில்லை. "அவன் அடிக்கிறான்டா" என்றார்.

காயங்கள் இருந்தது உண்மை. கன்னத்தில், விலாவில், தொடையில். ஆட்டம் வரும்போது கட்டிலில் இடித்துக்கொள்கிறார் என்றுதான் அவள் நினைத்தாள். ஒருநாள் குளிப்பாட்டும்போது முதுகைப் பார்த்தாள். இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில், கருநீலமாக, விரல் விரித்த ஒரு கைத்தடம். அதன்மேல் தன் கையை வைத்துப் பார்த்தாள். பாதிகூட மறையவில்லை. பாவம், கூடப்பிறந்த தம்பிமேலேயே அவளுக்குச் சந்தேகம் வந்தது. அவன் சாப்பிடும்போது கையைக் கவனித்தாள். அதுவும் சின்னக் கைதான்.

"எப்பங்க அடிக்கிறான்?"

"நான் அசையாம நிக்கிறப்ப மட்டும். திருப்பி அடிக்க முடியாதில்ல... கோழைப் பய."

டாக்டர் புது வழி ஒன்று சொன்னார். வயிற்றுத் தோலுக்கடியில் மெல்லிய ஊசி, இடுப்பில் கைபேசி அளவுக்கு ஒரு பம்ப். மருந்து நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாக இறங்கும். ஏற்ற இறக்கம் இருக்காது, அதனால் உறைவதும் ஆடுவதும் குறையும். தவறிப்போய் உறைந்துவிட்டால் நாக்குக்கடியில் வைக்க ஒரு மெல்லிய மருந்துத் தாள். மூலையில் ஆள் தெரிவதை நிறுத்த, இன்னும் ஆராய்ச்சியில் இருந்த ஒரு மாத்திரை. ஆராய்ச்சியில் சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு உண்மை மருந்து, பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று முடிவு வரும்வரை டாக்டருக்கே தெரியாது.

பம்ப் மாட்டியதும் மனிதர் ஆளே மாறிப்போனார். தன் சட்டைக்குத் தானே பொத்தான் போட்டார். புதுக் காயம் ஒன்றும் இல்லை. சில நாள் கழித்து அவள் மெல்லக் கேட்டாள்.

"அவன்... இன்னும் நிக்கிறானா?"

"யாரும் இல்லம்மா."

அவளுக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது. ஒரு சின்ன மாற்றத்தை மட்டும் அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த அறைக்குள் அவள் போகும்போதெல்லாம் அவரும் பின்னாலேயே வந்தார். வந்து அவளுக்கும் அந்த மூலைக்கும் நடுவில் நின்றுகொண்டார்.

அன்று மத்தியானம் தம்பி வேலைக்குப் போயிருந்தான். அவள் கூடத்தில் தைத்துக்கொண்டிருந்தாள். ஊசி கழன்றால் பம்ப் கத்தும். காதைக் குடைகிறது என்று அந்த ஒலியைக் குறைத்து வைத்ததும் அவள்தான்.

நூல் அறுந்தது. மிஷின் நின்றது.

பீப்... பீப்... பீப்...

எவ்வளவு நேரமாக அடிக்கிறதோ! அதோடு இன்னொரு சத்தம். ஈரத் துணியைக் கல்லில் அறைவதுபோல.

சத்... சத்...

ஓடினாள்.

கதவுக் கைப்பிடியில் பம்பின் குழாய் மாட்டி, கழன்ற ஊசியோடு தொங்கியது. கணவர் அறை நடுவில் உறைந்து நின்றார். எதிரே யாரும் இல்லை.

சத்!

அவர் தலை ஒரு பக்கமாகத் திரும்பியது. உதடு கிழிந்தது. ஒரு பல் தரையில் விழுந்து உருண்டது.

அவரால் கத்த முடியவில்லை. கண்ணில் மட்டும் தண்ணீர்.

"விடுடா! விடுடா அவரை!"

அலமாரியைத் திறந்து மருந்துத் தாளை எடுத்தாள். ரத்தத்தைத் துடைத்து, நாக்கைத் தூக்கி, அடியில் வைத்தாள். வேலை செய்யக் கால் மணி நேரம் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

கால் மணி நேரம்...

அவரைக் கட்டிப்பிடித்துத் தன் உடம்பால் மூடிக்கொண்டாள்.

முதல் அடி முதுகில் விழுந்தது.

மூச்சு நின்றுபோனது. கால் மடங்கியது. அவள் விடவில்லை.

விலாவில் ஒன்று. கழுத்தில் ஒன்று.

முடியைப் பிடித்து ஏதோ இழுத்தது. கொத்தாகப் பிய்ந்து வந்தது.

அப்புறம் அவள் இடது கையைப் பிடித்தது.

முறுக்கியது...

சடக்.

அவள் அலறினாள். விடவில்லை.

பீப்... பீப்...

அவர் சுண்டுவிரல் அசைந்தது.

பிறகு மணிக்கட்டு.

பிறகு முழங்கை.

அவளை ஒரு கையால் ஒதுக்கிவிட்டு, அவர் மறு கையை வீசினார்.

வெறும் காற்றில்.

தொப்!

பட்டது.

எதிர்ச்சுவரில் இருந்த இரும்பு அலமாரி, ஆள் போய் மோதியதுபோல் உள்ளே நசுங்கியது. யாரோ முனகினார்கள். அவளும் இல்லை. அவரும் இல்லை.

ஆஸ்பத்திரியில் யார் அடித்தது என்று குடைந்து குடைந்து கேட்டார்கள். விழுந்துவிட்டோம் என்றாள். ஒருவரும் நம்பவில்லை.

கட்டுப் பிரித்த சமயத்தில் ஆராய்ச்சி முடிவு வந்தது. டாக்டருக்கே ஆச்சரியம். "உங்க வீட்டுக்காரருக்குக் கிடைச்சது வெத்து மாத்திரைம்மா. மருந்தே இல்ல. ஆனா எப்படியோ குணமாயிட்டார்!"

வீட்டுக்கு வந்ததும் கணவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப அவன் எப்படிங்க போனான்?"

அவர் படுக்கையறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்.

"போகல. தினமும் அங்கேயேதான் நின்னான்."

"பின்ன யாரும் இல்லன்னு சொன்னீங்களே?"

"'என்னைப் பத்தி இனிமே வாயைத் திறந்தா, உன்னை விட்டுட்டு அவளை அடிப்பேன்'னு சொன்னான்."



"ஐயோ... இப்ப சொல்லிட்டீங்களே..."

அவர் எழுந்தார். இடுப்பில் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. கையும் காலும் நன்றாக அசைந்தன. நேராக வந்து, அவளுக்குப் பின்னால், அவளுக்கு முதுகைக் காட்டி, முஷ்டியை மடக்கிக்கொண்டு நின்றார்.