வயர்லெஸ்ஸில் வந்த கிணறு

"இப்போதெல்லாம் யார் புத்தகம் படிக்கிறார்கள்?" என்ற தலைப்பில் பேச வரும்படி ஒரு கல்லூரியில் கூப்பிட்டிருந்தார்கள். கேள்விக்குறி போட்ட தலைப்பு என்றாலே எனக்கு எரிச்சல். விடையைத் தங்கள் பையில் வைத்துக்கொண்டு, அதை நம் வாயால் சொல்ல வைப்பதற்காகப் போடுகிற கேள்விக்குறி அது. ஆனாலும் ஒப்புக்கொண்டேன். மேடை என்றால் எனக்குப் பிடிக்கும், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

துறைமுகத்தை ஒட்டிய ஒரு கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் எனக்கு வேலை. பேச்சுக்குச் சரக்கு வேண்டுமே என்று, கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் "இப்ப என்ன படிச்சிட்டு இருக்கிய?" என்று கேட்டுப் பார்த்தேன். பக்கத்து மேசைக்காரர் "நீங்க அனுப்புன மெயிலத்தான்" என்றார். துறைமுக வாசலில் வரிசையில் நின்ற கண்டெய்னர் லாரிக்காரர் ஒருவர் ஸ்டியரிங்மேல் தடிப் புத்தகம் ஒன்றை விரித்து வைத்திருந்தார். ஆசையோடு எட்டிப் பார்த்தால் அரசுத் தேர்வு கைடு. டீக்கடை அண்ணாச்சி, "காலையில பேப்பர் இருந்துச்சு. வடை மடிக்கப் போயிட்டு" என்றார். கடை வைத்திருக்கும் என் அண்ணன்தான் சிரித்தே விட்டான். "ஏளா, இத்தன வருசம் படிச்சு நீ என்னத்தக் கண்டே? மொதல்ல அதச் சொல்லு" என்றான். எங்கள் வீட்டார் பனங்காட்டுப் பக்கத்திலிருந்து வந்து கடை போட்டுத் தலையெடுத்தவர்கள். எதையும் தராசில் வைத்துப் பார்த்தால்தான் திருப்தி.

 எழுத்துக் கூட்டத் தெரிந்த நாள் முதல் படிக்கிறேன். தனியாக ஒரு மூலையில், உதடுகூட அசையாமல், அடுப்பில் பால் பொங்கி வழிவது தெரியாமல் படிக்கிறேன். அதனால் யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டால் கையை விரிக்க வேண்டியதுதான்.

நான் குடியிருப்பது மீனவர்கள் நிறைந்த திரேஸ்புரத்தில், ஒரு மாடி வீட்டில். கீழே வீட்டுச் சொந்தக்காரி இருக்கிறாள். என்னைவிட இளையவள், வாய் ஓயாதவள், என்னை அக்கா என்பாள். அவள் புருஷன் விசைப்படகு டிரைவர். திங்கட்கிழமை கடலுக்குப் போனால் அங்கேயே தங்கி மீன் பிடித்துவிட்டு வாரக் கடைசியில்தான் திரும்புவார். கரையில் இருக்கும்போதும் அவர் இருப்பது தெரியாது. படியில் எதிர்ப்பட்டால் தலையை ஆட்டுவார். மழை வருமா என்று கேட்டால் வானத்தைப் பார்ப்பார். அவ்வளவுதான் பேச்சு. "கொட்டாவி விடத்தான் அவிய வாயத் திறப்பாவ" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

ஒருநாள் அவள் மாடிக்கு வந்து, "யக்கா, அவியளுக்கு ஒரு புத்தகம் வேணுமாம். தடிச்சதா இருந்தா நல்லதாம்" என்றாள்.

"எதுக்கு, தலைக்கு வச்சுப் படுக்கவா?"

"யாரு கண்டா? நானும் கேக்கல. அவியளும் சொல்லல."

என்னிடம் இரண்டு பிரதி இருந்த ஒரு நாவலை எடுத்துக் கொடுத்தேன். கரிசல் பூமியில் நடக்கிற கதை. புருஷனை இழந்த ஒருத்தி, ஊரே கேலி பேச, தன் பருத்திக் கொல்லையில் கிணறு வெட்டுகிறாள். வெட்ட வெட்டப் பாறை. கதை முழுக்க அந்தப் பாறைதான். நாலு பக்கமும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கிற மனிதருக்கு இது எதற்கு ஆகும் என்று நினைத்தேன். அத்துடன் மறந்தும் போனேன்.

சில வாரம் கழித்து, மீன் வாங்கப் போன இடத்தில் முன்பின் தெரியாத ஒரு பெண் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "அந்தப் புத்தகத்துக்காரி நீங்கதான? கிணத்துல தண்ணி வந்துச்சா இல்லியா, அத மட்டும் சொல்லுங்க" என்றாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி, "சொல்லிராதீயக்கா, எங்க வீட்டு ஆளு கேட்டுட்டு வந்து சொல்லுதேன்னு இருக்காவ" என்று கத்தினாள்.

வீட்டுக்கு வந்தால் கீழ்வீட்டுக்காரி படியிலேயே காத்திருந்தாள். முகம் சிவந்து கிடந்தது. மீன் ஏலம் போடுகிற இடத்தில் கேள்விப்பட்டதை மூச்சுவிடாமல் கொட்டித் தீர்த்தாள்.

நடந்தது இதுதான். பொழுது சாய வலையை விட்டுவிட்டுச் சும்மா காத்திருக்கும் நேரத்தில் அவர் என் நாவலைப் படித்திருக்கிறார். கூட இருந்தவர்கள் சத்தமாக வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். வாசித்திருக்கிறார். படகுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வயர்லெஸ் மைக்கின் பொத்தான் எதன் அடியிலோ மாட்டி அமுங்கிக் கிடந்தது யாருக்கும் தெரியவில்லை. மைக் இப்படி மாட்டிக்கொண்டால் மற்ற எந்தப் படகும் பேச முடியாது. சாதாரணமாக அதற்கு விழுகிற வசவு காது கொண்டு கேட்க முடியாது. அன்றைக்கு அத்தியாயம் முடிந்து அவர் பொத்தானைக் கண்டுபிடித்து விடுவித்ததும் முதலில் வந்த குரல், "ஏலே, ஏன்லே நிறுத்திட்டே? வாசிலே!" என்பதாம்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் வாசிப்பு. அந்தப் பக்கம் கிடக்கும் அத்தனை படகும் கேட்கிறது. ஒரு படகுக்காரர், "அந்தப் பிள்ளைய இங்கன கடக்கரைக்கு வந்து தோண்டச் சொல்லு, ரெண்டு முழத்துல தண்ணி கெடைக்கும்" என்றிருக்கிறார். இன்னொருவர், "உப்புத் தண்ணிய வச்சு அவ பருத்தியா போடுவா, போலே" என்று ஏசியிருக்கிறார். அந்தச் சண்டை விடியும்வரை ஓயவில்லையாம்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது இதற்குப் பிறகுதான். அவருக்குச் சத்தமாக வாசிப்பது என்றால் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் வேதம் வாசிக்கக் கேட்பது ஒன்றுதான் தெரியும். கூச்சத்தில் தானே வாசிக்கப் பீடத்துப் பக்கம் போனதில்லை என்றாலும், பிறந்ததிலிருந்து காதில் விழுந்தது அந்த ராகம்தான். ஆகவே நாவலையும் அப்படியே, நிறுத்தி நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையையும் தூக்கி வைத்து வாசித்திருக்கிறார். முதல் நாள் அவர்கள் கேட்டபடி மேலும் கொஞ்சம் வாசித்து முடிக்கும்போது, கோயில் வாசகத்தை முடிக்கிற மாதிரியே வாய் தவறி, "இது ஆண்டவரின் அருள்வாக்கு" என்றுவிட்டார். நாக்கைக் கடித்துக்கொள்வதற்குள் படகு படகாகக் கோயிலில் சொல்கிற அதே பதில் வந்துவிட்டது: "இறைவா, உமக்கு நன்றி." பிறகு எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். ஆனால் மறுநாளும் அதையேதான் சொன்னார்கள். அது இல்லாமல் கதை முடிந்த மாதிரி இல்லையாம்.

நான் கண்ணில் நீர் வரச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"எங்கிட்ட சேந்தாப்புல நாலு வார்த்த பேசுனதில்லக்கா. கல்யாணமான நாள்ல இருந்து இல்ல. அங்கன போயி கதை வாசிக்காவளாம். ஒருத்தி வீட்டு ஆளு கேட்டு அழுதுட்டு வந்தாராம். ஊருக்கெல்லாம் கேக்கு, எனக்கு மட்டும் கேக்கல."

அவளுக்குப் படிக்க வராது. அதுவரை அதை ஒரு குறையாக அவள் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அவரை உட்கார வைத்து, புத்தகத்தைக் கையில் கொடுத்து, வாசியும் என்றிருக்கிறாள். மாடியில் நான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. மறுபடியும் செருமல். வெகுநேரம் கழித்து, "சத்தம் வர மாட்டேங்குளா. ஆள் மொகத்தப் பாத்தா வர மாட்டேங்கு. சோத்த வையி" என்றார். பாத்திரம் ணங்கென்று விழுந்தது. கோபமா, கை தவறியதா என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் படகு கிளம்பிப் போயிற்று. இந்த முறை புத்தகம் முடிந்துவிடும், கடைசி அத்தியாயம் படகு திரும்புகிற நாளுக்கு முந்தின சாயங்காலம் என்று ஊருக்கே தெரிந்திருந்தது. அவளுக்கும் தெரிந்திருந்தது. அது முடிந்தால் அவர் வேறொரு புத்தகம் கேட்பாரா, இத்தோடு விட்டுவிடுவாரா என்று யாரும் சொல்ல முடியாது. அவள் சரியாகச் சாப்பிடவில்லை. அலுவலகத்திலிருந்து நான் வந்ததும் மாடியேறி வந்து என் புத்தக அலமாரியைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். என் வீட்டில் யாரும் அந்த அலமாரியை அப்படிப் பார்த்ததில்லை.

படகு முதலாளி வீட்டு மொட்டை மாடி அறையில் ஒரு வயர்லெஸ் செட் உண்டு. படகு எந்நேரம் கரை சேரும், எவ்வளவு ஐஸ் வேண்டும் என்று கேட்பதற்காக வைத்தது. படகுகள் திரும்பும் சமயம் கிட்டத்தில் கிடந்தால், உயரமான ஏரியல் இருப்பதால் பேச்சு எட்டும். அது எனக்குத் தெரிய வந்ததும் அவளையும் கூட்டிக்கொண்டு போய் முதலாளியம்மாவிடம் கேட்டேன். "மைக்க மட்டும் தொட்டுராதீய. பொம்பளக் குரல் கேட்டா வீட்ல என்னமோ ஏதோன்னு கடல்ல ஆளுவ பதறிப் போவாவ" என்று சொல்லி அறையைத் திறந்துவிட்டு, அவரும் ஓரமாக நின்றுகொண்டார்.

வெளிச்சம் மங்கும் நேரம். செட்டில் முதலில் வெறும் இரைச்சல். பிறகு யாரோ யாரிடமோ மீன் பாடு எப்படி என்று கேட்டார். ஒருவர் ஒருவரை ஏசினார். திடீரென்று எல்லாம் அடங்கியது. அந்த அமைதி எனக்குப் புதிது. எங்கெங்கோ தனித்தனியாகக் கிடக்கிற படகுகள், பார்க்க முடியாத ஒருவர் வாய் திறப்பதற்காகப் பேச்சை நிறுத்திக் காத்திருக்கின்றன.

வாசிக்கத் தொடங்கினார். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

நான் அந்த அத்தியாயத்தைப் பலமுறை படித்தவள். டீ ஆறுவதற்குள் படித்து முடித்துவிடுவேன். அவர் அதை அவசரமே இல்லாமல் வாசித்தார். கடப்பாரை பாறையில் விழுகிறது என்று ஒரு வரி. வாசித்துவிட்டு நிறுத்தினார். கடப்பாரை விழுந்த சத்தம் அடங்குகிற நேரம் நிறுத்தினார். மறுபடி விழுகிறது. பாறை இடுக்கில் ஈரம். கிணறு வெட்டுகிறவள் அதை நம்பாமல் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கிறாள்.   என் அலமாரியில் இத்தனை வருஷம் தூசி படிந்து கிடந்த புத்தகமா இது? அச்சடித்த தாளுக்குள் இவ்வளவு தண்ணீர் இருந்ததா? நான் வியந்து வியந்து மாய்ந்துபோனேன். அந்தப் பேசாத மனிதரா இது என்று கீழ்வீட்டுக்காரி பார்த்த பார்வையை என்னால் விவரிக்க முடியாது.

தண்ணீர் முழங்காலுக்கு ஏறியதும் கதை முடிந்தது. அவர் வழக்கம்போல் சொன்னார்: "இது ஆண்டவரின் அருள்வாக்கு."

ஒவ்வொரு படகாகப் பதில் வந்தது. தடித்த குரல், கீச்சுக் குரல், இரைச்சலில் பாதி அமுங்கிய குரல். யாரும் சிரிக்கவில்லை. கடைசிப் படகும் சொல்லி முடித்த பிறகு செட்டில் இரைச்சல் மட்டும் இருந்தது.

அவள் மைக்கை எடுத்துவிட்டாள். நான் தடுப்பதற்குள் பொத்தானை அமுக்கினாள்.

"இறைவா, உமக்கு நன்றி."

 முதலாளியம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். அவள் மைக்கை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றாள். நாங்கள் கேட்டது அவருக்குத் தெரிந்துவிட்டது, இனிமேல் கடலிலும் அவருக்குக் குரல் வராது, நாமே கெடுத்துவிட்டோம் என்று நினைத்தேன்.

"ஏளா," என்று குரல் வந்தது. "நீயா?"

"ம்."

"வீட்ல ஒண்ணுமில்லியே?"

"ஒண்ணுமில்ல. கேக்கதுக்கு வந்தேன்."

 பிறகு அந்தச் செருமல். ஞாயிற்றுக்கிழமை மாடிக்குக் கேட்ட அதே செருமல். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"கடைசி மட்டும் கேட்டா ஒண்ணும் வெளங்காது," என்றார். "இரி. மொதல்ல இருந்து வாசிக்கேன்."

தாள் புரளும் சத்தம் கேட்டது. மேகம் கட்டாத கரிசல் வானத்தில் தொடங்குகிற அந்த முதல் பக்கத்தை அவர் வாசிக்க ஆரம்பித்தார். அதைக் கேட்டு முடித்திருந்த படகுகளில் ஒன்றுகூடக் குறுக்கே பேசவில்லை.