பின்னாடி தம்பி வர்றானுங்க

இதை நம்பச் சொல்லி நான் யாரையும் கெஞ்சப் போவதில்லை. நடந்தது எனக்கு. போன ஆனி மாதம், குண்டடம் பக்கத்தில் நடந்தது. தேதியும் மணியும் என் ஹெல்மெட் கேமராவில் அப்படியே இருக்கின்றன.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். தம்பி தரணி அங்கேயே பேக்கிங்கில் இருந்தான். இரண்டு பேருக்கும் பைக் ரேஸ் பைத்தியம்; இருவர் ஹெல்மெட்டிலும் கேமரா உண்டு. தொழிற்பேட்டைக்கென்று போட்டு, ஒரு கம்பெனியும் வராமல் காற்றாலைகளுக்கு நடுவே சும்மா கிடந்த ரோட்டில் எங்கள் கிளப் ரேஸ் வைத்தது. ஒரு சுற்று ஆறு கிலோமீட்டர். ஞாயிறு ரேஸ். அதற்கு முந்தைய வாரம் முழுக்க காலையில் பயிற்சி. இருபது வினாடி இடைவெளி விட்டு ஒவ்வொரு வண்டியாக அனுப்புவார்கள். என்ன ஆனாலும் நடுவில் நிற்கக் கூடாது, எதிர்த்திசையில் திரும்பவே கூடாது என்பது விதி. பின்னால் வருகிறவன் மோதிச் செத்துப்போவான்.

அம்மாவுக்கு இது பிடிக்கவே இல்லை. "அவன உன்ற பின்னாடியே பத்தரமா கூட்டிட்டு வந்துரு கண்ணு" என்று மட்டும் சொன்னார். அதனால் முதலில் நான். இருபது வினாடி கழித்துத் தரணி.

திங்கட்கிழமை காலை 5:52. நாலாவது வளைவு. விழுந்தால் அடிபடாமலிருக்க அங்கே பனியன் வேஸ்ட் மூட்டைகளை அடுக்கியிருந்தோம். மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு அம்மா, கையில் சாப்பாட்டுத் தூக்குப்போசியோடு நின்றிருந்தார். கம்பெனி வேனுக்கு நிற்கிறார் போல என்று நினைத்துக்கொண்டேன்.

"வாங்க" என்றார்.

அடுத்த வளைவில்தான் எனக்கு உறைத்தது. நூற்றுப் பத்து வேகம். தலையில் ஹெல்மெட், காதில் பஞ்சு, காலடியில் இன்ஜின் அலறல். எனக்கு எப்படிக் கேட்டது? ஆனிக் காற்று ஆளையே தள்ளுகிறது. அவர் முந்தானை மட்டும் ஏன் அசையவில்லை?

கிளப் தலைவர் நஞ்சப்பனிடம் கேட்டேன். "கம்பெனியே இல்லாத ரோட்டுக்கு எந்த வேனுங்க வரும்? ரெண்டு பக்கமும் அடச்சிருக்குதுங்க" என்றார். தரணியும் மூட்டைகளைத் தவிர எதையும் பார்க்கவில்லையாம்.

செவ்வாய். அதே 5:52.

"வாங்க."

"வர்றேனுங்க" என்றுவிட்டேன். வேண்டுமென்று சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் யாராவது 'வாங்க' என்றால் வாய் தானாகத் திறந்துகொள்ளும். வரமாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிப் பழக்கமே கிடையாது. பாழாய்ப்போன மரியாதை.

புதன். மூட்டைகளுக்கு முன்னால், ரோட்டோரம் வந்து நின்றிருந்தார்.

"வர்றேன்னீங்க… எப்பங்க?"

"இன்னொரு நாளைக்குங்க…"

அன்று கம்பெனியில் இரண்டு முறை அளவு மாற்றி வெட்டினேன். ரேஸை விட்டுவிடலாம் என்று தரணியிடம் சொன்னேன். சிரித்தான். "பயந்தீனா நீ படுத்துக்கண்ணா. நான் முன்னாடி போறேன்." அவனைத் தனியாக விடவும் மனசு வரவில்லை.

வியாழன். 5:52:10.

நடு ரோட்டில் நின்றிருந்தார்.

தூக்குப்போசி இல்லை. இரண்டு கைகளையும் விரித்திருந்தார். விலக இடமில்லை. பிரேக் பிடித்தேன்… பிடிக்கவில்லை.

"இன்னிக்கு வந்தே ஆகோணுங்க."

சாப்பிட்டுப் போகச் சொன்னாலும், பஸ்சில் டிக்கெட் கேட்டாலும் நாங்கள் சொல்லித் தப்பிக்கிற ஒரு வார்த்தை உண்டு. அதுதான் வாயில் வந்தது.

"பின்னாடி தம்பி வர்றானுங்க…"

"சரிங்க" என்று விலகி வழிவிட்டார்.

தாண்டிவிட்டேன்.

அப்புறம்தான் புரிந்தது, என்ன சொன்னேன் என்று.

திரும்ப முடியாது. நிற்க முடியாது. கத்தினேன். ஹெல்மெட்டுக்குள் கத்தி யாருக்குக் கேட்கும்? எண்ண ஆரம்பித்தேன். பதினெட்டு… பத்தொன்பது… இருபது…

முடிவுக் கோட்டைத் தொட்டுத் திரும்பிப் பார்த்தேன். 5:54:30.

இருபது வினாடி போனது. தரணி வரவில்லை.

அவனுக்குப் பின்னால் கிளம்பிய வண்டி வந்தது.

அதற்கும் அடுத்தது வந்தது.

தரணி மூட்டைகளின் மேல் மல்லாந்து கிடந்தான். உடம்பில் ஒரு கீறல் இல்லை. மூச்சும் இல்லை.

என் கேமராவில் அந்த அம்மா இல்லை. காலி ரோடுதான் தெரிகிறது. என் குரல் மட்டும் யாருக்கோ பதில் சொல்கிறது.

"அவன் கடைசியா என்ன பேசுனான் கண்ணு?" என்று அம்மா இன்னும் கேட்கிறார். அவன் கேமராவில் சத்தம் பதிவாகவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

பதிவாகியிருக்கிறது.

5:52:30. இன்ஜின் சத்தம் சட்டென்று நிற்கிறது. காற்றுச் சத்தமும் இல்லை. பிறகு தரணியின் குரல். எப்போதும் போல மரியாதையாக…

"அண்ணனே சொல்லுச்சுங்களா?… அப்பச் சரிங்க. வர்றேனுங்க."