வெட்டி எடுத்த தவறுகள்

இருபத்திரண்டு வருடமாகப் படத்தொகுப்பு வேலை பார்த்து வந்த அவரை எல்லோரும் எடிட்டர் என்றே கூப்பிட்டார்கள். ஓர் அச்சகத்தின் மாடியில் ஜன்னல் இல்லாத அறை அவருடையது. கீழே இயந்திரம் ஓடினால் மேசைமேல் இருக்கும் டம்ளரில் தண்ணீர் நடுங்கும். ரயில் பாதுகாப்பு, பல் நோய், தேனீ என்று எதைப் பற்றிய ஆவணப்படமானாலும் முகம் சுளிக்காமல் வெட்டி ஒட்டிக் கொடுத்துவிடுவார்.

அப்படித்தான் இறந்தவர்களோடு பேசுவதாகச் சொல்லும் ஓர் அம்மாளைப் பற்றிய படமும் வந்தது. அதில் முக்கியமான காட்சி ஒன்றே ஒன்று. மனைவியைப் பறிகொடுத்த ஒரு தையற்காரர் அந்த அம்மாள் எதிரே உட்கார்ந்து, மனைவி என்ன சொல்கிறாள் என்று கேட்கிறார். எடுத்திருந்தது மூன்று மணி நேரம் நாற்பது நிமிடம். எடிட்டர் முழுதும் பார்த்தார்.

"அவங்க பேரு 'க'வுல ஆரம்பிக்குமா?"

"இல்லைங்க."

"'ச'?"

"இல்லைங்க. 'ம'ங்க."

"அதான், 'ம'. கொஞ்சம் மங்கலாத் தெரிஞ்சுது."

எடிட்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எண்ணிப் பார்த்தார். அறுபத்தொரு ஊகங்களில் ஏழுதான் சரி. இயக்குநர் அந்த ஏழும், தையற்காரர் உடைந்து அழுவதும் போதும் என்றார்.

"தப்பாச் சொன்னதுல ரெண்டு மூணாவது வைக்கலாமே சார்?"

"நாம பொய்யா எதையும் சேர்க்கலையே! நீளத்தைத்தானே குறைக்கிறோம்?"

எடிட்டர் மேற்கொண்டு வாதாடவில்லை. பதினோரு நிமிடமாகக் குறைத்தார். வேலை அவ்வளவு சுத்தமாக அமைந்தது. எங்கே வெட்டினோம் என்று அவருக்கே பிடிபடவில்லை.

படம் தொலைக்காட்சியில் வந்த மறுநாள் அக்கா போன் செய்தாள். அவள் கணவர் இறந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். அதற்குப் பத்து நிமிடம் முன்னால் அவர் அழைத்தபோது அக்கா துணி துவைத்துக்கொண்டிருந்தாள், போனை எடுக்கவில்லை.

"தம்பி, அந்தம்மாகிட்ட எனக்கு நேரம் வாங்கிக் குடு. உங்க மாமா எதுக்குக் கூப்பிட்டாருன்னு மட்டும் கேட்டுட்டு வந்துடறேன்."

"அதெல்லாம் நம்பாதேக்கா."

"நீதானே படம் பண்ணினே? நீயே நம்பாததை எங்களுக்கு ஏன் காட்டினே?"

எடிட்டர் சனிக்கிழமை காலை அவளைத் தன் அறைக்கு வரச் சொன்னார். சுழல்நாற்காலியில் உட்காரவைத்து, வெட்டாத பதிவைப் போட்டுவிட்டுச் சுவரோரமாக நின்றுகொண்டார்.

அக்கா எழுந்திருக்கவே இல்லை. தவறான ஊகங்களைக் கேட்டு அவள் சிரிப்பாள், கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தார். அவளோ தையற்காரரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் தடுமாறும்போதெல்லாம் அவர் முன்னால் சாய்ந்து, தானாகவே ஒரு விவரத்தை எடுத்துக் கொடுத்தார்.

"பாவம், பரீட்சையில பக்கத்துப் பையனுக்குச் சொல்லிக் குடுக்கிற மாதிரி குடுக்கிறாரு," என்றாள் அக்கா. கொஞ்ச நேரம் கழித்து, "நானும் போயிருந்தா இதைத்தான் பண்ணியிருப்பேன்."

"அதுக்குத்தான் காட்டினேன்க்கா."

"எனக்குக் காட்டிட்டே. மத்தவங்களுக்கு?"

பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். மூன்று வாரம் அவளிடமிருந்து போனே இல்லை. அந்த அம்மாளிடமும் அவள் போகவில்லை என்பது அவள் மகள் சொல்லித்தான் தெரிந்தது.

எடிட்டர் இயக்குநரிடம் போனார். தவறான ஊகங்களில் ஒரு நிமிடமாவது திரும்பச் சேர்க்கச் சொன்னார். "வித்து முடிஞ்ச படம், விடுங்க," என்றார் இயக்குநர். அப்படியானால் தன் பெயரை எடுத்துவிடச் சொன்னார். அதை மட்டும் அன்று மாலையே செய்து கொடுத்தார்கள். படம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அந்த அம்மாளைப் பார்க்க இப்போது நான்கு மாதம் காத்திருக்க வேண்டுமாம்.

பிறகு ஒரு நாள் அந்தத் தையற்காரரே எடிட்டரின் எண்ணைத் தேடிப் பிடித்து அழைத்தார்.

"சார், அன்னிக்கு எடுத்தது முழுசா இருக்குங்களா? என் வீட்டுக்காரி பேசினதை ஒண்ணு விடாம கேக்கணும் போல இருக்கு. நீங்க காட்டினது பதினோரு நிமிஷந்தானே."

முழுப் பதிவும் எடிட்டரின் மேசை இழுப்பறையில்தான் இருந்தது. 'இருக்கு' என்ற சொல் ஒரு கணம் வாய் வரை வந்துவிட்டது.

"அழிச்சிட்டாங்கய்யா," என்றார்.

"அப்படிங்களா. பரவாயில்லைங்க. அந்த அளவுக்காவது பத்திரமா வெச்சுக் குடுத்தீங்களே, நல்லா இருப்பீங்க."

போனை வைத்த பிறகு எடிட்டரால் அன்று வேலையில் உட்கார முடியவில்லை. அறையைப் பூட்டிக்கொண்டு, அக்காவின் வீட்டுக்கு நடந்தே போனார்.